புழக்கடையில் அமைதி

மலையும் சாலையும்

கர்நாடக மாநிலத்தின் தெற்கு எல்லையில், தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டு நிற்பது மாதேஸ்வரன் மலை. முன்னர் மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 1997-ஆம் ஆண்டில் சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அதனைச் சேர்ந்தது. மலையைச் சூழ்ந்துள்ள காடு 2013-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 906 சதுர கிலோமீட்டர். யானையும் சிறுத்தையும் மானும் அங்கு வாழ்கின்றன.

மலைமேல் உள்ள மாதேஸ்வரர் கோயிலுக்குக் கன்னடரும் தமிழரும் ஒருங்கே வருகின்றனர். கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக ஒரு சாலை மலையேறுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மற்றொரு சாலை வருகிறது. முன்னாளில் அடியார்கள் நடந்தே மலையேறினர். ‘கம்சாளே’ எனப்படும் வெண்கலத் தாளத்தின் ஒலியும், மாதேஸ்வரரின் கதையைப் பாடுவோரின் குரலும் அவர்களுக்கு வழித்துணையாக இருந்தன. இன்றும் நடந்து செல்வோர் உண்டு. ஆயினும், அமாவாசை, சிவராத்திரி, உகாதி, தீபாவளி ஆகிய நாட்களில் பேருந்துகளும் வேன்களும் கார்களும் இருசக்கர வண்டிகளும் சாலையை நிறைத்துவிடுகின்றன.

அச்சாலையின் ஓரத்தில் ஒரு வீடு இருப்பதாகக் கொள்க. அதன் முன்வாசல் ஊர்த்தெருவைப் பார்த்தது. புழக்கடை சாலையைப் பார்த்தது. அங்கே ஒரு முருங்கை மரம், ஒரு துவைகல், ஒரு கயிற்றுக் கட்டில். வீட்டார் பிழைப்பு நாடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும் கேட்கிறார்கள். தமிழை நெடுநேரம் கேட்பது மாலையில் மட்டுமே. அந்நேரத்தில் பாட்டி கட்டிலில் அமர்ந்து கதை சொல்லத் தொடங்குகிறார். ஒரு லாரி கடந்து செல்கிறது, கதை நிற்கிறது. பாட்டி விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து மீண்டும் தொடங்குகிறார். ஒரு பேருந்து ஒலிப்பானை அழுத்துகிறது. கதை மறுபடியும் நிற்கிறது. மூன்றாம் முறை, “நாளைக்குச் சொல்கிறேன், கண்ணு” என்று கூறிப் பாட்டி எழுந்துவிடுகிறார்.

இரைச்சலால் காது மட்டும் துன்புறுவதில்லை. பேச்சு அறுபடுகிறது, உறக்கம் கெடுகிறது, கற்றல் தடைப்படுகிறது என்பதை இச்சிறு நிகழ்ச்சி காட்டும். அப்புழக்கடையின் இரைச்சலைக் குறைக்க இயலுமா? இயலும். அதற்கு முதலில் இரைச்சல் எங்கே பிறக்கிறது, எவ்வழியே வருகிறது என்பதை அறிதல் வேண்டும்.

ஒலியும் இரைச்சலும்

செவிக்குப் புலனாகும் அதிர்வு ஒலி எனப்படும். ஒலிகளுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. இலை அசைவது போன்ற மெல்லொலி அரவம். மக்கள் நடமாட்டத்தால் எழுவது சந்தடி. விருப்பமின்றி வந்து செவியில் மோதுவது இரைச்சல். ஒரே ஒலி ஒருவருக்கு இனிய ஓசையாகவும் மற்றொருவருக்கு இரைச்சலாகவும் இருக்கலாம். விழாவுக்குச் செல்பவருக்குப் பேருந்தின் ஒலி மகிழ்ச்சி தரும். தேர்வுக்குப் படிக்கும் மாணவிக்கு அதே ஒலி இடையூறாகும்.

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிப்பர். இக்கணக்கு வழக்கமான கூட்டல் கணக்கன்று. ஒரு லாரியின் ஒலி ஓரிடத்தில் 70 டெசிபல் என்றால், அதே போன்ற இரண்டு லாரிகளின் ஒலி 140 டெசிபல் ஆகாது; 73 டெசிபல் மட்டுமே ஆகும். பத்து லாரிகள் சேர்ந்தால் 80 டெசிபல் ஆகும். பத்து டெசிபல் கூடினால், ஒலி ஏறத்தாழ இருமடங்கு ஆனதாக மனிதச் செவி உணரும்.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை விளங்கும். சாலையில் செல்லும் வண்டிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் 3 டெசிபல்தான் குறையும். அதனைச் செவி அரிதாகவே உணரும். ஆனால் பல வண்டிகளுக்கு இடையே மிகுதியாகக் கத்தும் ஒரு வண்டியை அடக்கினால், மாற்றம் உடனே தெரியும்.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லை என அவை வகுத்தன. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல். எஞ்சிய நேரம் இரவு. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை உள்ள இடத்தை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கு எல்லை பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல்.

கற்றலைக் கெடுக்கும் இரைச்சல்

இரைச்சல் கற்றலைப் பாதிக்கும் என்பது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், உயரத்தில் அமைந்த இரயில் பாதையின் அருகே ஒரு பள்ளி இருந்தது. அப்பள்ளியில் ஒரு பக்கத்து வகுப்பறைகள் இரயில் பாதையை நோக்கியிருந்தன. மறுபக்கத்து வகுப்பறைகள் அமைதியாக இருந்தன. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்னும் உளவியல் அறிஞர் இரு பக்கத்து மாணவர்களின் வாசிப்புத் திறனையும் ஒப்பிட்டு, 1975-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். இரைச்சல் பக்கத்து மாணவர்கள், ஆறாம் வகுப்பை எட்டும்போது, மற்றவர்களைவிட ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர்.

பின்னர்த் தண்டவாளங்களின் அடியில் இரப்பர் மெத்தைகள் பொருத்தப்பட்டன. வகுப்பறைக் கூரைகளில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் அமைக்கப்பட்டன. அதன்பின் அவர் மீண்டும் ஆராய்ந்து, 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவில், இரு பக்கத்து மாணவர்களிடையே வேறுபாடு மறைந்துவிட்டதைக் காட்டினார். இரைச்சலால் நேர்ந்த குறை, இரைச்சலைக் குறைத்ததால் தீர்ந்தது. அங்கே இரைச்சல் பிறக்கும் இடத்திலும், அதனைக் கேட்கும் இடத்திலும் ஒருசேர மருந்து இடப்பட்டது.

இரைச்சல் பிறக்கும் இடம்

சாலை இரைச்சல் மூன்று வழிகளில் பிறக்கிறது. முதலாவது எஞ்சினும் புகைக்குழாயும். லாரியும் பேருந்தும் மேட்டில் ஏறும்போது ஓட்டுநர் கீழ்க் கியருக்கு மாற்றுவார். அப்போது எஞ்சின் விரைந்து சுழன்று முழங்கும். ஆதலால் மலைச்சாலையில் வண்டி மெதுவாகச் சென்றாலும் இரைச்சல் குறைவதில்லை.

இரண்டாவது டயர். சமதளச் சாலையில் கார் வேகமாகச் செல்லும்போது, எஞ்சினைவிட டயர் தார்ச்சாலையில் உரசும் ஒலியே மேலோங்கும். பள்ளமும் மேடுமான சாலையில் இவ்வொலி இன்னும் மிகும். சுமையற்ற லாரியின் பலகைகளும் சங்கிலிகளும் சேர்ந்து குலுங்கும்.

மூன்றாவது ஒலிப்பான். மலைச்சாலையின் கொண்டையூசி வளைவில் எதிரே வருவோரை எச்சரிக்க ஒலிப்பான் தேவைப்படும். ஆனால் ஊருக்குள் நிற்கும் வண்டிகளுக்குப் பின்னால் நின்று இடைவிடாது ஒலிப்பது எச்சரிக்கையன்று, பொறுமையின்மையே. பல சுருதிகளில் ஒலிப்பவையும், காற்றழுத்தத்தால் அலறுபவையும் ஆகிய ஒலிப்பான்கள் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை.

இரைச்சல் வரும் வழி

நிற்கும் ஒரே வண்டியிலிருந்து பிறக்கும் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவும். தொலைவு இருமடங்கானால் அது 6 டெசிபல் குறையும். ஆனால் வண்டிகள் வரிசையாகச் செல்லும் சாலை ஒரு நீண்ட கோடு போன்றது. அக்கோடு முழுவதிலிருந்தும் ஒலி வருவதால், தொலைவு இருமடங்கானாலும் 3 டெசிபலே குறையும். சாலையிலிருந்து 10 மீட்டர் தொலைவில் இருக்கும் கட்டிலை 20 மீட்டர் தொலைவுக்கு நகர்த்தினால் கிடைக்கும் பயன் அவ்வளவே.

இரவில் தொலைவுச் சாலையின் ஒலியும் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிற ஒலிகள் அடங்கிவிடுவது ஒரு காரணம். மற்றொன்று காற்றின் வெப்பநிலை. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலுள்ள காற்று சற்று வெம்மையாக இருக்கும். வெம்மையான காற்றில் ஒலி விரைந்து செல்லும். அதனால் மேலெழும் ஒலி வளைந்து மீண்டும் தரையை நோக்கி இறங்கும். பகலில் வானோக்கிச் சென்று மறையும் இரைச்சல், இரவில் இவ்வாறு வீட்டை வந்தடைகிறது.

மதில் எவ்வாறு காக்கும்?

புழக்கடைக்கும் சாலைக்கும் இடையே ஒரு மதில் எழுப்புவது பலரும் அறிந்த வழி. மதில் பயன்தர மூன்று பண்புகள் வேண்டும்.

முதற்பண்பு உயரம். கட்டிலில் அமர்ந்திருப்பவரின் செவியிலிருந்து பார்த்தால், வண்டியின் டயரும் எஞ்சினும் தெரியாதவாறு மதில் மறைக்க வேண்டும். பார்வையை மறைக்கும் அளவுக்கு மதில் உயர்ந்தவுடன் ஏறத்தாழ 5 டெசிபல் குறையும். அதற்குமேல் உயரும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 1.5 டெசிபல் குறையும்.

இரண்டாம் பண்பு கனம். செங்கல், கருங்கல், கான்கிரீட் போன்ற கனமான பொருள்கள் ஒலியைத் தம்முள் ஊடுருவ விடுவதில்லை. தென்னங்கீற்றுத் தட்டியோ மெல்லிய துணித்திரையோ பார்வையை மறைக்கும், ஒலியை மறைக்காது.

மூன்றாம் பண்பு இடைவெளியின்மை. நீர் புகும் வழியெல்லாம் ஒலியும் புகும். மதிலின் அடியில் உள்ள திறப்பு, கம்பிக் கதவு, பலகைகளுக்கு இடையே உள்ள பிளவு ஆகியவை மதிலின் பயனைக் குறைத்துவிடும். மதில் குட்டையாக முடிந்தால் அதன் இருபுறமும் சுற்றிக்கொண்டு ஒலி வரும். ஆதலால் மதில் புழக்கடையைவிட நீண்டிருத்தலும், முனைகளில் வீட்டை நோக்கி மடிந்திருத்தலும் நன்று. சாலையை ஒட்டியோ கேட்பவரை ஒட்டியோ மதில் அமைந்தால் பயன் மிகுதி. இரண்டுக்கும் நடுவே அமைந்தால் பயன் குறைவு.

மதில் உயர்ந்தும் கனத்தும் இடைவெளியின்றியும் இருந்தால்கூட இரைச்சல் முற்றிலும் மறைவதில்லை. ஒலி அலை மதிலின் உச்சியில் வளைந்து இறங்குவதே அதற்குக் காரணம். ஒலிப்பானின் கூர்மையான ஒலியில் அலைநீளம் குறைவு. 1000 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். அது மதிலில் எளிதில் தடுக்கப்படும். லாரி எஞ்சினின் ஆழ்ந்த முழக்கத்தில் அலைநீளம் மிகுதி. 100 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். அது இரண்டு மீட்டர் மதிலை எளிதில் கடந்து வளையும். மதிலுக்குப் பின்னால் டயர் ஒலி மங்கியும் எஞ்சின் முழக்கம் மங்காமலும் கேட்பது இதனாலேயே.

புதிதாக மதில் எழுப்ப வசதியில்லாதோர் விறகுக் கொட்டகையையோ மாட்டுத் தொழுவத்தையோ சாலைப் பக்கமாக அமைக்கலாம். அதன் பின்சுவர் மதிலாகவும் பயன்படும்.

மரங்கள் ஒலியைத் தடுக்குமா?

மரம் நட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று பலர் நம்புகின்றனர். ஒரு வரிசை மரங்களோ ஒரு செடி வேலியோ இரைச்சலை மிகச் சிறிதளவே குறைக்கும். இலைகளுக்கு இடையே உள்ள இடைவெளிகள் வழியாக ஒலி தடையின்றிப் புகுந்துவிடும். அடர்ந்து, உயர்ந்து, ஏறத்தாழ 60 மீட்டர் அகலம் கொண்ட மரச்செறிவு இருந்தால்தான் 10 டெசிபல் அளவுக்குக் குறையும். அத்தகைய தோப்பு எந்த வீட்டின் புழக்கடையிலும் அடங்காது.

அதனால் மரம் பயனற்றது என்று எண்ணலாகாது. மரம் சாலையைக் கண்ணிலிருந்து மறைக்கிறது; நிழல் தருகிறது; பறவைகளை அழைக்கிறது; தூசியை ஓரளவு பிடித்து நிறுத்துகிறது. மண்ணும் புல்லும் சிமெண்டுத் தளத்தைவிட ஒலியை மிகுதியாக உறிஞ்சும். மதிலுக்கு உட்புறம் செடிகொடிகளை வளர்ப்பதும், தரையைச் சிமெண்டால் மூடாமல் விடுவதும் நல்ல துணைகள். மதில் தலைவன் என்றால் மரம் துணைவன்.

சிறிய நீரூற்று அல்லது தொட்டியில் விழும் மெல்லிய நீர்த்தாரையும் துணைசெய்யும். அது இரைச்சலைக் குறைப்பதில்லை. இனிய ஒலியால் செவியின் கவனத்தை ஈர்த்து, தொலைவில் கேட்கும் இரைச்சலை மறைக்கும். அருகே அலறும் ஒலிப்பானை அதனால் மறைக்க இயலாது.

மலைவீட்டின் சிக்கல்

சமதளத்தில் பயன்படும் மதில் மலையில் எப்போதும் பயன்படுவதில்லை. வீடு சாலைக்கு மேலே சரிவில் இருந்தால், அங்கிருந்து பார்ப்பவருக்கு மதிலைத் தாண்டிச் சாலை தெரியும். கண்ணுக்குத் தெரியும் சாலையிலிருந்து வரும் ஒலி செவிக்கும் தடையின்றி வரும். வீடு சாலைக்குக் கீழே இருந்தால், சாலையின் கரையே மதிலாகிச் சிறிது காக்கும். எதிர்ப்புறம் செங்குத்தான பாறை இருந்தால், ஒலி அதில் மோதித் திரும்பி வீட்டை அடையும்.

எனவே மலைவாழ்வோர் மதிலை மட்டும் நம்பாமல், வீட்டின் அமைப்பையும் எண்ண வேண்டும். சாலைப் பக்கம் சமையலறை, குளியலறை, பண்டகசாலை ஆகியவற்றையும், மறுபக்கம் படுக்கையறையையும் அமைப்பது முறை. கட்டி முடிந்த வீடாயின், படிக்கும் இடத்தை அறை மாற்றிக்கொள்ளலாம். சன்னல் சட்டத்தின் இடுக்குகளை இரப்பர் பட்டையால் அடைக்கலாம். கட்டிலைச் சாலையோர மூலையிலிருந்து வீட்டுச் சுவரின் மறைவுக்கு நகர்த்துவது செலவில்லாத மருந்து.

ஒரு கணக்கு

மேற்கூறிய வீட்டின் புழக்கடையில், சாலையிலிருந்து 10 மீட்டர் தொலைவில், இரைச்சல் 70 டெசிபல் என்று எடுத்துக்கொள்க. கட்டிலை 20 மீட்டர் தொலைவுக்கு நகர்த்தினால் 67 டெசிபல். பார்வையை மறைக்கும் மதில் எழுப்பினால் 62 டெசிபல். அம்மதிலை மேலும் 2 மீட்டர் உயர்த்தினால் 59 டெசிபல். மொத்தம் 11 டெசிபல் குறைந்தது. இரைச்சல் பாதியானது போல் செவி உணரும். பாட்டியின் குரல் இப்போது ஓரளவு கேட்கும். ஆயினும் பகலுக்குரிய 55 டெசிபல் எல்லையை அது எட்டவில்லை. இரவுக்குரிய 45 டெசிபல் எல்லை இன்னும் தொலைவில் உள்ளது.

மேலும் ஒரு கேள்வி எழுகிறது. மதிலில் மோதிய ஒலியின் ஒரு பகுதி எதிர்ப்புறம் திரும்பும். அங்கே மற்றொரு வீடு இருந்தால், அவ்வீட்டுப் பிள்ளைகளின் நிலை என்ன? மதில் கட்டப் பணமில்லாத வீட்டாரின் நிலை என்ன? மதில் ஒரு வீட்டை மட்டுமே காக்கும். ஊர் முழுவதையும் காக்க வேண்டுமாயின், இரைச்சல் பிறக்கும் இடத்திலேயே அதனைக் குறைக்க வேண்டும்.

ஊருக்குள் வண்டிகளின் வேகத்தை மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 30 கிலோமீட்டராகக் குறைத்தால் ஏறத்தாழ 2 முதல் 3 டெசிபல் குறையும். பள்ளங்களை நிரப்பிச் சாலையைச் சீராக வைத்தால் குலுங்கல் ஒலி குறையும். வேகத்தடையை வீட்டின் நேர் எதிரே அமைத்தால், வண்டிகள் நின்று மீண்டும் முழங்கிப் புறப்படும். ஆதலால் அதன் இடத்தை எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும். தேவையற்ற ஒலிப்பானை நிறுத்துவதற்கோ எவ்விதச் செலவும் இல்லை. குடியிருப்புப் பகுதிகளில் இரவிலும், அமைதி மண்டலங்களில் எந்நேரமும், ஆபத்து நேரத்தில் அல்லாமல் ஒலிப்பானை ஒலிக்கக் கூடாது என்பது விதி.

காட்டின் புழக்கடை

சாலையோரத்தில் வாழ்வோர் மனிதர் மட்டுமல்லர். மாதேஸ்வரன் மலையைச் சுற்றியுள்ள காடுகளில் விலங்குகளும் சாலையின் அருகே வாழ்கின்றன. இரை தேடவும், துணையை அழைக்கவும், பகையை அறியவும் அவை செவியையே நம்பியுள்ளன. அவற்றால் மதில் கட்ட இயலாது. சன்னலை அடைக்கவும் இயலாது. அவற்றுக்காக மனிதர் மேற்கொண்ட மூன்று முயற்சிகள் அறியத்தக்கவை.

மைசூரிலிருந்து உதகைக்கும் கோழிக்கோட்டுக்கும் செல்லும் நெடுஞ்சாலைகள் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தை ஊடுருவுகின்றன. இரவில் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் இறந்ததால், 2009-ஆம் ஆண்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அங்குப் போக்குவரத்து தடைசெய்யப்பட்டது. சில நாட்களில் அத்தடை விலக்கப்பட்டபோது, கர்நாடக உயர்நீதிமன்றம் தலையிட்டு அதனை மீண்டும் நிலைநிறுத்தியது. அவசர ஊர்திகளுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் வழிவிடப்படுகிறது. உயிர்களைக் காப்பதே இத்தடையின் முதல் நோக்கம். அதனுடன் இரவின் அமைதியும் இருளும் காட்டுக்குத் திரும்பக் கிடைத்தன. வயநாட்டு மக்களும் வணிகர்களும் தங்கள் பயணம் தடைப்படுவதாக முறையிட்டனர். அம்முறையீட்டிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

சத்தியமங்கலத்திலிருந்து சாமராஜநகருக்குச் செல்லும் திம்பம் மலைச்சாலையில் 27 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வழியே பயணம் செய்வது வழக்கம். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி இச்சாலையிலும் இரவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. தாளவாடி மலைவாழ் மக்கள் தங்கள் விளைபொருள்களைக் கொண்டு செல்ல இயலாது என்று போராடினர். பின்னர் உள்ளூர் மக்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. காட்டின் அமைதியையும் மக்களின் பிழைப்பையும் ஒருசேர எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மூன்றாவது முயற்சி சாலையின் அமைப்பையே மாற்றியது. சீநகரில் தொடங்கி, தருமபுரி, சேலம், மதுரை ஆகிய ஊர்களின் வழியே கன்னியாகுமரி வரை செல்வது 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை. அது மத்திய இந்தியாவில் பெஞ்ச் காட்டின் ஊடே செல்லும் இடத்தில், சாலையைத் தூண்களின்மேல் உயர்த்தி, அதன் அடியில் விலங்குகள் கடந்து செல்ல வழிகள் விடப்பட்டுள்ளன. அவ்வழிகளுள் ஒன்றின் நீளம் 750 மீட்டர். மேலே சாலையின் ஓரங்களில் ஒலியையும் ஒளியையும் தடுக்கும் தடுப்புகள் நிறுத்தப்பட்டுள்ளன. புலிகள் உள்ளிட்ட பல விலங்குகள் அவ்வழிகளில் நடந்து செல்வதைக் கேமராக்கள் பதிவுசெய்துள்ளன. பார்வையை மறைக்கும் கனமான, இடைவெளியற்ற தடுப்பு என்னும் அதே விதி புழக்கடைக்கும் பெருங்காட்டுக்கும் பொருந்துவதை இங்குக் காணலாம்.

அமைதி பொதுச்செல்வம்

அமைதியை விலைகொடுத்து வாங்கித் தன் வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ள எவராலும் இயலாது. மதில் எழுப்புவது, சன்னலை அடைப்பது, கட்டிலை நகர்த்துவது ஆகியவை ஒவ்வொரு வீடும் செய்யத்தக்கவை. வேகத்தைக் குறைப்பதும் ஒலிப்பானை அடக்குவதும் சாலையில் செல்லும் ஒவ்வொருவரும் செய்யத்தக்கவை. சாலையில் செல்பவரும் ஒரு நேரத்தில் வீட்டில் இருப்பவரே. வீட்டில் இருப்பவரும் ஒரு நேரத்தில் சாலையில் செல்பவரே.

மாதேஸ்வரன் மலைக்கு வண்டியில் செல்லும் ஒரு தந்தை, ஊர் எல்லையில் வேகத்தைக் குறைத்து, ஒலிப்பானிலிருந்து கையை எடுத்தார் என்று கொள்க. அவர் அறியாத ஒரு புழக்கடையில் ஒரு பாட்டி கதை சொல்லிக்கொண்டிருப்பார். அன்று அக்கதை நடுவே நிற்காமல் முடிவுவரை செல்லும்.

சொற்பொருள்

புழக்கடை – வீட்டின் பின்புறம், கொல்லைப்புறம்
அரவம் – மெல்லிய ஒலி
சந்தடி – நடமாட்டத்தால் எழும் ஒலி
ஊடுருவுதல் – உட்புகுந்து செல்லுதல்
அலைநீளம் – அடுத்தடுத்த இரண்டு அலைமுகடுகளுக்கு இடையே உள்ள தொலைவு
கொண்டையூசி வளைவு – மலைச்சாலையில் முற்றிலும் திரும்பி ஏறும் வளைவு

வினாக்கள்

1. ஒலி, இரைச்சல் ஆகியவற்றின் வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. பயன்தரும் மதிலுக்கு வேண்டிய மூன்று பண்புகள் யாவை?
3. மதிலுக்குப் பின்னால் எஞ்சின் முழக்கம் மங்காமல் கேட்பது ஏன்?
4. நியூயார்க் பள்ளி ஆய்வு உணர்த்தும் உண்மை யாது?
5. “மதில் ஒரு வீட்டை மட்டுமே காக்கும்.” இக்கூற்றை நிறுவுக.
6. திம்பம் சாலையின் இரவுக் கட்டுப்பாட்டில் காட்டின் தேவை எது? மக்களின் தேவை எது? இரண்டையும் நிறைவேற்ற ஒரு வழி கூறுக.

செயல்பாடு

மாலையில் பத்து நிமிடம் வீட்டு வாசலிலோ புழக்கடையிலோ அமர்ந்து, செவியில் விழும் ஒலிகளைப் பட்டியலிடுக. அவற்றுள் தேவையானவை எவை, தவிர்க்கத்தக்கவை எவை என இரு பிரிவாகப் பிரித்து எழுதுக. பின்னர் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் அவருடைய சிறுவயதில் அவரது ஊரில் மாலைநேரத்தில் கேட்ட ஒலிகளைத் தமிழில் கூறச் சொல்லிக் கேட்டு, அவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.